ஸ்பிட்ஃபயர் மார்க் 9 கிட்டை மார்க் 8 ஆக்கும்போது: அடைத்த கோடு பிரைமருக்குப் பிறகு மறுபடி தெரிகிறது

கேள்வி:
இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 1/48 அளவு மார்க் 9 பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டை, இந்திய விமானப்படையின் 8-ஆம் ஸ்குவாட்ரன் பர்மா போர்முனையில் ஓட்டிய மார்க் 8 ஆக மாற்றுகிறேன். மார்க் 8-இன் ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) 8.5 அங்குலம் குட்டை. இந்த அளவில் 4.5 மி.மீ. உடலை ஒட்டிய பக்கத்து முனையில் அந்த நீளத்துக்கு ஐலரானின் விளிம்புக் கோட்டை டியூப் புட்டியால் (குழாயில் வரும் நிரப்புப் பசை) அடைத்து, ஒரு மணி நேரத்தில் தேய்த்துவிட்டு, புதுக்கோடு கீறினேன். லாக்கர் பிரைமர் (கரைப்பான் கலந்த அடிப்பூச்சு) அடித்ததும் பழைய கோடு நிழல் மாதிரி எழும்பிவிட்டது. உடலின் இரு பாதிகளையும் இன்னும் ஒட்டவில்லை. மார்க் 8-இல் உள்ளே மடங்கும் வால் சக்கரத்துக்கான குழியை இப்போதே வெட்டலாமா?

பதில் 1:
முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். ஐலரானைக் குறைக்க வேண்டியது இறக்கை நுனிப் பக்கத்தில், வெளிக்கீலுக்கு அப்பால். உள்முனை மார்க் 9-இல் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் எதிர்முனையில் குறைத்திருக்கிறீர்கள். ஒரு வகையில் நல்லதுதான்: புட்டியை ஊசிமுனையால் தோண்டி எடுத்தால் கிட்டின் அசல் கோடு அப்படியே திரும்பி வந்துவிடும். அந்த முனையில் அடைக்க வேண்டியது நீங்கள் கீறிய புதுக்கோட்டை மட்டும்.

நிழல் விழக் காரணம் அவசரம். டியூப் புட்டியில் உள்ள கரைப்பான் ஆவியாக ஆகப் புட்டி பல நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் தேய்த்தால் அன்றைக்குச் சமமாக இருக்கும், பிறகு உள்ளே இறங்கும். அதன் மேல் லாக்கர் பிரைமர் பட்டால் மறுபடி இளகும். புட்டி பிளாஸ்டிக்கைவிட மென்மை என்பதால் கீறும் இடத்தில் உதிரவும் செய்யும்.

நுனிப் பக்கத்துக் கோடுகளை சூப்பர் க்ளூவும் டால்கம் பவுடரும் கலந்து அடையுங்கள். இறக்கையின் மேலும் கீழும், இரண்டு பக்கமும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் க்ளூ பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் தின்றுவிட்டு அதை மேடாக விட்டுவிடும். 400, 600, 1000 எண் தாள்களை வரிசையாக எடுத்துத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

பதில் 2:
ஐலரான் கோட்டுக்கு நான் க்ளூவைப் பரிந்துரைக்க மாட்டேன். அதே கிட்டின் ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியின் மேல் சூடாக்கி இழுத்து, முடியளவு இழையாக்கிப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். திரவ சிமென்ட்டை (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) தூரிகையால் ஒருமுறை ஓட்டி, இரண்டு நாள் தொடாதீர்கள். காய்ந்ததும் அது அதே பிளாஸ்டிக். நிழலும் இல்லை, கீறும்போது உதிர்வும் இல்லை.

புதுக்கோட்டுக்குக் கெட்டியான லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டுங்கள். முதல் ஐந்தாறு இழுப்புகளுக்கு ஊசியின் சொந்த எடையே போதும். அழுத்தினால் ஊசி வழி விலகும்.

கேட்டவர்:
முனை தவறியதைச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஸ்ப்ரூ முறையில் தொடங்குகிறேன். வால் சக்கரம்?

பதில் 1:
ஒட்டுவதற்கு முன்பே வெட்டுங்கள். இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்து, அளவுப் படத்திலிருந்து குழியின் வெளிக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, பிரித்துவிட்டு ஒவ்வொரு பாதியிலும் அரைக்குழியை அரத்தால் எடுங்கள். கோட்டுக்கு உள்ளேயே நிறுத்தி, ஒட்டிய பிறகு கடைசி அரை மில்லிமீட்டரைச் சரிசெய்யலாம். ஒரு பாதியில் கூரைத் தகடு ஒட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குழி வழியே உடலின் உட்கூடு தெரியும். கதவுகள் இரண்டு: 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, தூரிகைக் காம்பின் மேல் விரலால் உருட்டினால் வளைவு வரும். வால் சக்கரத்துக்கு ரெசினில் வார்த்த கால் தனியாக வாங்கினால் சோப்புத் தண்ணீரில் கழுவி சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினைப் பிடிக்காது. ரெசினை அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பதில் 3:
நான்கு இதழ் புரொப்பெல்லர், இரட்டை ரேடியேட்டர் எதையும் தொட வேண்டாம். மூக்கின் அடியில் உள்ள காற்றுக்குழலை மட்டும் பாருங்கள்: ஆரம்பகால மார்க் 9-இன் குட்டைக் குழல் ஆகாது, வடிகட்டி உள்ள நீளக்குழல்தான் மார்க் 8-க்கு. கிட்டின் வட்டச் சின்னங்களையும் ஒதுக்கிவிடுங்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க அந்தப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். அடர் நீலமும் நடுவில் வெளிர் நீலமும் மட்டுமே, அளவும் சிறியது.