இரண்டு ஊசி போட்டவருக்கும் மூக்கில் குச்சி வேண்டுமா?

(வெளிநாட்டிலிருந்து இந்தியா வருகிறவர்களுக்கான கொரோனா விதிகள் பற்றி 2022 பிப்ரவரியில் மூவர் பேசிக்கொண்டது)

மன்னைத் தம்பி:
2022 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏழு நாள் வீட்டுத் தனிமை கிடையாது. 14 நாள் உடம்பை நாமே கவனித்துக்கொண்டால் போதும். அரசின் பட்டியலில் உள்ள 82 நாடுகளிலிருந்து வந்தால், மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்குப் பதில் இரண்டு தடுப்பூசியும் போட்ட சான்றிதழைக் காட்டலாம். நல்லதுதான், ஆனால் எனக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது.

ஜனவரி 12ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து வந்தேன். கையில் நெகட்டிவ் ரிப்போர்ட். தை 5 அக்கா மகனுக்குக் காதுகுத்து, கோயில் பூட்டியிருந்ததால் வீட்டோடு. தாய்மாமன் நான் ஏழு நாள் தனிமையில் மாடியில் இருக்கிறேன், பிள்ளை கீழே பெரியப்பா மடியில் கிடந்து கத்துகிறான். சீர்த்தட்டைப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

திருவாரூர் நர்ஸ்:
வருத்தம்தான் தம்பி. ஆனால் ஊசி போட்டவருக்குத் தொற்று வராதென்று யார் சொன்னது? கொரோனாவின் புது வகையான ஒமிக்ரான் டிசம்பரில் தமிழ்நாட்டில் முதலில் யாருக்கு வந்தது? நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்தவருக்கு. இரண்டு ஊசியும் போட்டவர். அரசின் அபாய நாடுகள் பட்டியலில் நைஜீரியா அப்போது இல்லவே இல்லை. வீட்டாருக்கும் தொற்று.

கூத்தாநல்லூரான்:
82 நாட்டில் அமீரகம் இல்லையே, கவனித்தீர்களா? சிங்கப்பூர்க்காரர் சான்றிதழை நீட்டுவார், துபாயில் ஊசி போட்ட என் மச்சான் மட்டும் காசு கொடுத்துக் குச்சி விட்டுக்கொள்ள வேண்டுமா?

மன்னைத் தம்பி:
அக்கா, முந்தாநாள் தொற்றியது இன்றைய சோதனையில் தெரியாமலும் போகலாம். அப்புறம் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

திருவாரூர் நர்ஸ்:
அதனால்தானே எட்டாம் நாள் மறுசோதனை வைத்தார்கள்!

மன்னைத் தம்பி:
சரி, டிசம்பரில் அது நியாயம். ஜனவரியில் ஒமிக்ரான் ஊருக்குள்ளேயே இருந்தது. பொங்கலுக்குக் கும்பகோணம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? விமானத்தில் வந்தவன் மட்டும் மாடியில் கிடக்கணும்.

திருவாரூர் நர்ஸ்:
பஸ்ஸில் கேட்கவில்லை என்பதற்காக விமானத்திலும் விட்டுவிடுவதா? புது வகை வந்தால் முதலில் அங்கேதான் பிடிக்க முடியும். இப்போதும் விமானத்தில் வந்து இறங்குகிறவர்களில் 2 சதவீதம் பேருக்குச் சோதனை உண்டு. அதையும் எடுக்கச் சொல்லாதீர்கள். ஆமாம், காதுகுத்துக்கு ஆச்சி வந்திருந்தார்களா?

மன்னைத் தம்பி:
வந்தது. எண்பத்து மூன்று வயது. இரண்டாவது ஊசி இன்னும் போடவில்லை.

திருவாரூர் நர்ஸ்:
ம்.

கூத்தாநல்லூரான்:
என் மச்சான் கதைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மார்ச்சில் வருகிறான்.