எருசலேமில் மழை நாள்: பயணத்திட்டத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி:
எங்கள் சபையிலிருந்து 20 பேர் வருகிற ஜனவரியில் எருசலேம் செல்கிறோம். பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஒரு நாள் முழுவதும் மழை பெய்தால் சவக்கடலோரத்தில் பழங்காலச் சுருள்கள் கிடைத்த கும்ரானுக்குச் செல்வதா, நகரிலேயே தங்குவதா?

மறுமொழி 1:
கும்ரானை அன்று தவிர்த்துவிடுங்கள், சகோதரரே. சவக்கடலோரத்தில் வானம் தெளிந்திருந்தாலும், எருசலேம் மலைகளில் பெய்யும் மழை வறண்ட ஓடைகள் வழியே கிழக்கே பாய்ந்து திடீர் வெள்ளமாக இறங்கும். சாலையையே மூடிவிட நேரும். அங்கே கிடைத்த சுருள்களை நகரிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் காணலாம்.

மறுமொழி 2:
எங்கள் குழு நனைந்தபடியே பெதஸ்தா குளத்தை அடைந்தது. அதையொட்டி, சிலுவைப் போர் வீரர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. அதன் கல் வளைவுகளில் குரல் நெடுநேரம் தங்கி ஒலிப்பதால், நாங்கள் பாடிய பாமாலை முடிந்த பின்னும் செவியில் நின்றது. இக்குளத்தருகே இயேசு நோயாளியைக் குணமாக்கியதைச் சொல்லும் யோவான் 5ஆம் அதிகாரத்தையும் அங்கேயே வாசித்தோம். பழைய நகரின் கற்படிகள் மிகவும் வழுக்கும்; பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும்.

மறுமொழி 3:
எசேக்கியா அரசரின் பெயரால் வழங்கும் பழங்கால நீர்ச்சுரங்கத்தை மழைக்கு ஒதுங்கும் இடமாக எண்ண வேண்டாம், ஐயா. ஏறத்தாழ 533 மீட்டர் தூரம் இருளில், கீகோன் ஊற்றின் நீருக்குள்ளேயே நடக்க வேண்டும். அருகில் நீரில்லாத கானானியர் சுரங்கம் உண்டு. ஆனால் அதற்கும் பல படிகள் இறங்க வேண்டும்.