எக்ஸ்பாத்: பத்திக்கு மேலே உள்ள தலைப்பு வரவில்லை, அவசரம்

மின்நூல்வேலை:
எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல் கோப்பில் வேண்டிய பகுதியைத் தேடும் மொழி) வைத்து, ஒரு மின்நூலில் ஒவ்வொரு பத்தியும் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று எடுக்க வேண்டும். பத்திகளை //*[@கிளாஸ்='பாரா'] என்று பிடித்துவிட்டேன். அங்கிருந்து (பிரிசீடிங்-சிப்லிங்::எச்2)[1], அதாவது அதே மட்டத்தில் முன்னால் உள்ள எச்2 தலைப்பு, என்று போட்டால் காலிப் பட்டியல். தலைப்பு கண்ணெதிரே இருக்கிறது. இன்று இரவுக்குள் முடிக்கணும்.

தேனீ42:
எந்த லைப்ரரி? கோப்பின் முதல் பத்து வரியைப் போடுங்கள்.

வரிக்குதிரை:
என்கோடிங்தான். யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

பழையகணினி:
என்கோடிங் கெட்டிருந்தால் பத்தியே கிடைத்திருக்காது. ஆக்சிஸ் (எந்தத் திசையில் தேடுவது) 13 இருக்கிறது, நோட் டெஸ்ட் (எதைத் தேடுவது) என்று ஒன்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

மின்நூல்வேலை:
பைத்தான், எல்எக்ஸ்எம்எல் லைப்ரரி. இபப் (மின்நூல்) கோப்பு. எச்டிஎம்எல் டேகில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று ஒரு முகவரி இருக்கிறது. அது முக்கியமா?

தேனீ42:
அதுதான் விஷயமே. அந்த முகவரிதான் நேம்ஸ்பேஸ், டேகின் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம். எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் நேம்ஸ்பேஸே இல்லாத எலிமென்ட் என்று பொருள். உங்கள் எச்2 எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸில் இருக்கிறது. எச்2-க்குப் பதில் * போட்டுப் பாருங்கள், வரும். அப்படியென்றால் ஆக்சிஸ் சரி, நோட் டெஸ்ட்தான் தவறு. டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் அட்ரிபியூட்டுக்குப் பொருந்தாது, அதனால்தான் கிளாஸ் மட்டும் சிக்கியது. நேம்ஸ்பேசஸ் டிக்‌ஷனரியில் அந்த முகவரிக்கு எக்ஸ் என்று முன்னொட்டு கொடுத்து எக்ஸ்:எச்2 என்று எழுதுங்கள்.

வரிக்குதிரை:
எதற்கு அவ்வளவு? *[லோக்கல்-நேம்()='எச்2'] போதும், நேம்ஸ்பேஸை விட்டுப் பெயரை மட்டும் பார்க்கும்.

பழையகணினி:
போதாது. அதே கோப்பில் எஸ்விஜி படம் இருந்தால் எச்டிஎம்எல், எஸ்விஜி இரண்டிலும் டைட்டில் என்ற எலிமென்ட் வரும். எது எதுவென்று எப்படிப் பிரிப்பீர்கள்?

வரிக்குதிரை:
அவர் கேட்டது எச்2. டைட்டில் எங்கே வந்தது?

பழையகணினி:
இன்று எச்2, நாளைக்கு வேறொன்று. பழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

மின்நூல்வேலை:
முன்னொட்டு போட்டதும் வந்துவிட்டது, நன்றி! ஆனால் தலைப்பு கிடைக்கிற பத்திக்கெல்லாம் அத்தியாயத்தின் முதல் தலைப்பே வருகிறது.

தேனீ42:
அடைப்புக்குறியை எடுங்கள். பிரிசீடிங்-சிப்லிங் பின்னோக்கிப் போகும் ஆக்சிஸ், நேராக [1] போட்டால் பக்கத்தில் இருப்பது கிடைக்கும். அடைப்புக்குள் வைத்துவிட்டால் ஆவண வரிசைப்படி எண்ணும், மேலே கோடியில் இருப்பது வரும். அப்புறம், பத்தி எதுவும் டிவ் (சில பகுதிகளைச் சேர்த்துச் சுற்றும் டேக்) உள்ளே இல்லையே?

மின்நூல்வேலை:
பாட்டெல்லாம் டிவ் உள்ளேதான்.

தேனீ42:
அப்போது தலைப்பு அதற்கு உடன்பிறப்பே இல்லை. பிரிசீடிங்::எக்ஸ்:எச்2[1] போடுங்கள், டிவ்-ஐத் தாண்டி மேலே தேடும்.

மின்நூல்வேலை:
சரியாகிவிட்டது.