நாரோபோட்டின் அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சா, எபாக்சியா?

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில், 57 அடி நீளமுள்ள எஃகு நாரோபோட் (கால்வாய்களுக்கான ஒடுக்கமான படகு) ஒன்றில் குடியிருக்கிறோம். நிலையான துறை இல்லாததால் 14 நாள்களுக்குள் இடம் மாற வேண்டியிருக்கிறது, அது பழகிவிட்டது.

வரும் ஏப்ரலில் படகைக் கரையேற்றிப் பூச்சு அடிக்க வேண்டும். இதுவரை அடித்துவந்த தார்ப்பூச்சு இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடுவதால் எபாக்சி என்னும் கடினமான பிசின் பூச்சுக்கு மாற நினைக்கிறோம்; ஆனால், அதற்குப் பழைய பூச்சை எஃகு தெரியும்வரை அகற்ற வேண்டுமென்பதால் செலவு மலைக்கவைக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டி, விரல்நகம் பதியுமளவுக்கு அரிப்புக் குழிகள் தெரிகின்றன. இந்நிலையில் எபாக்சிக்குச் செலவிடுவது தகுமா, அல்லது எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபட்டு அதைக் காக்கும் மெக்னீசிய ஆனோடுகளைப் புதுப்பித்து மீண்டும் தாரே பூசலாமா?

இன்னொன்று: விறகடுப்பு இரவெல்லாம் கனன்றாலும் விடியலில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. காற்றோட்டத்துக்கு மெத்தைக்குக் கீழே என்ன போட்டீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.