தற்காப்புக்காகச் சுட்ட வழக்கு: விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். கத்தியோடு வீடு புகுந்தவனை என் அண்ணன் உரிமம் உள்ள துப்பாக்கியால் சுட்டுவிட்டார். அவன் மருத்துவமனையில் இருக்கிறான். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்ததே அண்ணன்தான். துப்பாக்கி, தோட்டா உறைகள், அவர் போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் தடயமாக எடுத்துப் போய்விட்டார்கள். வழக்கு நடப்பதால் மற்ற விவரங்களை இங்கே எழுதவில்லை.

இப்போது முழு வாக்குமூலம் கேட்கிறார்கள். என் பயமே அதில்தான். எத்தனை முறை சுட்டோம், எதிராளி எவ்வளவு தூரத்தில் நின்றான் என்பதெல்லாம் அதிர்ச்சியில் யாருக்கும் குழம்பும். அதுவே எழுத்தில் ஏறினால் பொய் சொன்னதாக ஆகிவிடாதா? வக்கீல் பக்கத்தில் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

தற்காப்பு வழக்கு நடத்திப் பழகிய வக்கீல்தானா என்று தெரிந்துகொள்ள என்ன கேட்க வேண்டும்? எதிர்வீட்டு சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் பத்திரப்படுத்தியாக வேண்டும். நாங்களே போய்க் கேட்கலாமா, வக்கீல் மூலம் எழுத்தில் கேட்பதுதான் சரியா? அப்புறம், அடிபட்டவன் தரப்பு தனியாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் அதையும் இதே வக்கீல் பார்ப்பாரா?

அண்ணன் சரியாகத் தூங்குவதே இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், தனிச்செய்தியில் என்றாலும் சரி.