நனைந்தால் அலறும் துணி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

செங்கோட்டைக்காரி
எங்கள் வீட்டில் இருந்தது, படுக்கை சிறுநீரில் நனைந்தால் அலறும் விரிப்பு. வெள்ளி பூசிய நூல் இரண்டு வரிசை, ஓரத்தில் மாட்டும் பெட்டி. பக்கவாதத்தில் படுத்த மாமியாருக்காக வாங்கினோம். சாரல் காலம், இரவு இரண்டு மணிக்குப் பெட்டி அலறியது. ஓடிப்போய்ப் போர்வையைத் தூக்கினேன். "நான் போகவில்லை தாயி" என்று குழறினார். நான் பெட்டியைத்தான் நம்பினேன். "பரவாயில்லை அத்தை, திரும்புங்கள்" என்று சேலையை அவிழ்த்தால் உள்ளே காய்ந்திருந்தது. விரிப்பின் ஓரத்தில் தம்ளர் கவிழ்ந்து கிடந்தது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். நல்ல கையால் தானே எடுத்துக் குடிக்கப் பார்த்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாளையார் பேரன்
எங்கள் தாத்தா முதல் இரவே பேட்டரியைக் கழற்றித் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டார். தெருவுக்கே கேட்குமாம். இறந்த பிறகுதான் கண்டெடுத்தோம்.

களியக்காவிளை
வீணாக அலறியதற்கு வருந்துகிறீர்கள் அக்கா. அலறாமல் இருப்பதைப் பார்த்தவன் நான். அண்ணனுக்கு டயாலிசிஸ், குளிர்கிறது என்று கையைப் போர்வையால் மூடியிருந்தார். ரத்தம் திரும்பி ஏறும் ஊசி நழுவிவிட்டது. இயந்திரம் வாய் திறக்கவில்லை. ஊசி நழுவினாலும் குழாயில் அழுத்தம் போதிய அளவு குறையாவிட்டால் அதற்குத் தெரியாதாம். நிமிடத்துக்கு 300 மில்லி ஓடும் ரத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசி மேல் ஒட்டியிருந்த சிறு துணிப்பட்டைதான் நனைந்து கூவியது. சிஸ்டர் போர்வையை உருவியபோது தெரிந்த நிறம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பொய்யாகப் பத்து முறை அலறட்டுமே!

நகரி தறிக்காரன்
என் மகன் ஏழு வயதில் படுக்கையை நனைப்பான். மே மாதப் புழுக்கத்தில் வியர்வைக்கே மணி அடித்தது. பையன் பயந்து திண்ணையில் போய்ப் படுத்தான். என் கதை அவ்வளவுதான். ஆனால் செங்கோட்டை அம்மா செய்தது தவறு. சரிகைபோல் மின்னும் அந்த நூல்களுக்கு நடுவே உப்புள்ள ஈரம் பாலம் போட்டால் மின்சாரம் தாண்டும். சிறுநீரா கஞ்சியா என்று அதற்கு எப்படித் தெரியும்? பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், வெள்ளி போய்விடும். முறுக்கிப் பிழியாதீர்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சோப்பும் உப்பும் தங்கினால் மழைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே அலறும். மேலே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். மணி அடிக்கவில்லை என்று படுத்த படுக்கையில் இருப்பவரை அப்படியே விடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். படுக்கைப்புண் மணியடித்து வராது. குழந்தை என்றால் திட்டாதீர்கள். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் என்ற உளவியலாளர் தம்பதி எழுதி வெளியிட்ட முறையிலும் கம்பிவலைகளுக்கு நடுவே துணி வைத்து மணி கட்டியது, நனையும்போது பிள்ளை விழித்துப் பழகட்டும் என்றுதான். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

களியக்காவிளை
ஐயா, இங்கே யாரும் சலவைக் குறிப்புக் கேட்கவில்லை.

செங்கோட்டைக்காரி
அலசத் தெரியும் ஐயா, இரண்டு ஆண்டுகள் அலசியிருக்கிறேன். அந்தத் தம்ளரை அவர் கைக்கு எட்டும்படி வைத்தவளே நான்தான். இரவில் தாகம் எடுத்தால் என்னை எழுப்பக் கூசுவார் என்று.