நிகர எடைக்கு எதற்குச் செட்டர்? கெட்டர், செட்டர் உருவாக்கியதில் நமக்கு நேர்ந்தவை

கிருஷ்ணகிரி, தொடக்கப் பதிவு

வணக்கம். ஜாவாவில் தரவையும் அதற்கான வேலைகளையும் சேர்த்து வைக்கும் நிரல் பகுதி கிளாஸ், அதில் தரவு இருக்கும் இடம் ஃபீல்டு. ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட் (சிறு நிரல்துண்டு) கெட்டர், அதை மாற்றும் மெத்தட் செட்டர். கெட்டர், செட்டர் மெத்தட்களைக் கையால் எழுதாமல் எடிட்டரைக் கொண்டே உருவாக்கிக்கொள்வது ஜாவா எழுதும் எல்லோருக்கும் பழகிய வேலை. இதில் அனுபவம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மாங்காய் சீசனில், நான் உருவாக்கிய செட்டர் ஒன்றால் ஒரு விவசாயியின் கணக்கில் 630 கிலோ குறைந்துபோன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் சீசன் நேரத்தில் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி, அதாவது எங்கள் பேச்சில் பெங்களூரா, ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு எடை மேடையின் நடைமுறை தெரிந்திருக்கும். வண்டி உள்ளே வரும்போது லோடுடன் ஒரு எடை, காயை இறக்கிய பின் காலி வண்டிக்கு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிகர எடை, பணமும் அதற்குத்தான். ஓர் ஆலைக்கு இந்தச் சீட்டு அச்சிடும் மென்பொருளை எழுதியபோது, எடைச்சீட்டு என்ற கிளாஸில் வண்டி எண், தேதி, லோடு எடை, காலி எடை, நிகர எடை என்று பத்து ஃபீல்டுகளை வைத்தேன். எக்லிப்ஸ் எடிட்டரில் ஆல்ட், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிறகு ஆர் அழுத்தினால் எல்லா ஃபீல்டுகளும் பட்டியலாக வரும். ‘செலக்ட் ஆல்’ என்ற பொத்தானை அழுத்தினேன். இருபது மெத்தட்கள் ஒரு நொடியில் வந்து உட்கார்ந்தன. அதே பெட்டியில் ‘செலக்ட் கெட்டர்ஸ்’ என்று இன்னொரு பொத்தான் இருப்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை.

எடை போடும் திரையில் கழித்தல் கணக்கைப் போட்டு, நிகர எடையின் செட்டரை அழைத்தேன். அது சரியாகவே ஓடியது. பிறகு, தவறாகப் பதிவான எடையைத் திருத்த ஒரு திரை வேண்டும் என்றார்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் எடை மேடையிலிருந்து கணினிக்கு வரும் இணைப்பு வேலை செய்யாததால், பணியில் இருந்தவர் காலி எடையைக் கையால் தட்டினார். 4,850 என்பது 5,480 ஆகிவிட்டது. உடனே பார்த்து, திருத்தத் திரையில் சரியான எண்ணைப் போட்டுச் சீட்டை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார். அந்தத் திரை காலி எடையின் செட்டரை மட்டுமே அழைத்தது. சீட்டில் லோடு எடை 12,640, காலி எடை 4,850, நிகர எடை 7,160 என்று வந்தது. வண்டிக்காரர் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கழித்துப் பார்த்துவிட்டு, “மேல இருக்கறதுல இதக் கழிச்சா இந்த நம்பர் வரலையே சார்” என்றார். 7,790 வந்திருக்க வேண்டும். ஒரு கழித்தலை அவர் சீட்டின் பின்பக்கத்தில் சரிபார்த்துவிட்டார். என் கிளாஸ் அதைச் சரிபார்க்கவில்லை.

அன்றிரவு செய்த திருத்தம் மிகச் சிறியது. நிகர எடை என்ற ஃபீல்டையே நீக்கினேன். அதன் செட்டரும் போயிற்று. கெட்டரை மட்டும் வைத்து, கேட்கும்போதெல்லாம் லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்துத் தருமாறு மாற்றினேன். உடனே கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி), நீக்கிய செட்டரை அழைத்துக்கொண்டிருந்த நான்கு இடங்களில் சிவப்புக் கோடு போட்டது. மூன்று இடங்கள் எனக்குத் தெரிந்தவை. நான்காவது, பழைய பதிவுகளை எக்ஸெலிலிருந்து ஏற்றுவதற்கு நானே எழுதி மறந்துபோன ஒரு நிரல். அது நிகர எடையை ஷீட்டில் இருந்தபடியே, கழித்துப் பார்க்காமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. செட்டர் இருந்தவரை இதைக் காட்ட யாரும் இல்லை.

அடுத்து, காலி எடை லோடு எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்பைக் காலி எடையின் செட்டரில் எழுதப் போனேன். அது இன்னொரு வம்பு. இரண்டு செட்டர்கள் இருந்தால் எது முதலில் அழைக்கப்படும் என்பது அழைப்பவர் கையில் இருக்கிறது. காலி எடை முதலில் வந்துவிட்டால், லோடு எடை பூஜ்யமாக இருக்கும்போதே சரிபார்ப்பு தோற்றுவிடும். ஆகவே லோடு எடையை, சீட்டு உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கிக்கொண்டு, ‘காலி எடையைப் பதிவுசெய்’ என்ற பொருளில் ஒரு மெத்தட் வைத்தேன். இருபதாக இருந்த மெத்தட்கள் பன்னிரண்டு ஆயின. உருவாக்கிக் கொடுக்கும் கருவியை நான் குறை சொல்லவில்லை. கேட்டதைத்தான் அது கொடுத்தது. எல்லாவற்றுக்கும் செட்டர் கேட்டவன் நான். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

ஓசூர்

தொடங்கிவைத்த நண்பருக்கு நன்றி. எனக்கு நேர்ந்தது மெத்தட்டின் பெயரால் வந்த வினை. கட்டணம் செலுத்தியாகிவிட்டதா என்பதைக் குறிக்க ‘இஸ்பெய்டு’ என்ற பெயரில் பூலியன் (ஆம், இல்லை என இரண்டே மதிப்பு கொண்ட) ஃபீல்டு ஒன்றை வைத்து, வழக்கம்போலக் கெட்டரையும் செட்டரையும் உருவாக்கினேன். பூலியனுக்குக் கெட்டர் ‘இஸ்’ என்று தொடங்கலாம் என்பது 1997-இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாபீன்ஸ் விதிமுறையில் உள்ள வழக்கம். ஃபீல்டின் பெயரிலேயே ‘இஸ்’ இருந்ததால், எடிட்டர் கெட்டருக்கு ‘இஸ்பெய்டு’ என்றும் செட்டருக்கு ‘செட்பெய்டு’ என்றும் பெயர் வைத்தது. தரவை, செயலிகள் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவுக்கு மாற்றும் ஜாக்சன் நூலகம் ஃபீல்டைப் பார்க்காமல் கெட்டரைப் பார்த்து, முன்னொட்டை நீக்கிவிட்டு, ‘பெய்டு’ என்ற பெயரில் தரவை அனுப்பியது. மொபைல் செயலியோ ‘இஸ்பெய்டு’ என்பதைத் தேடிக்கொண்டிருந்தது. பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் ‘நிலுவை’ என்று காட்டியது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. இரண்டு பக்கத்து நிரலும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்தில், அத்திப்பள்ளி நெரிசலில் நின்றபோதுதான், கெட்டரின் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தேன். அதன் பிறகு நான் ஃபீல்டுக்கு ‘இஸ்’ என்று பெயர் வைப்பதே இல்லை.

தர்மபுரி, கல்லூரியில் பாடம் எடுப்பவர்

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் கையால் எழுதும் செட்டர்களில் அதிகம் பார்க்கும் பிழை, ஃபீல்டைத்தான் சொல்கிறோம் என்று காட்டும் ‘திஸ்’ என்பதை விட்டுவிட்டு, பெயர் சமம் பெயர் என்று எழுதுவது. ஃபீல்டுக்கும் உள்ளே வரும் பாராமீட்டருக்கும் ஒரே பெயர் என்பதால், பாராமீட்டர் தனக்குத்தானே மதிப்பை ஊட்டிக்கொள்ளும். ஃபீல்டு வெறுமையாகவே கிடக்கும். கம்பைலர் இதைப் பிழை என்று நிறுத்தாது. செட்டரை அழைத்தும் ‘நல்’ (மதிப்பு இல்லை) என்றே அச்சாகிறதே என்று ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட மாணவி ஒருவர், எடிட்டர் உருவாக்கிய செட்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தன் பிழையைத் தானே கண்டுபிடித்தார். முதல் சில கிளாஸ்களுக்குக் கையால் எழுத வைத்து, பிறகே குறுக்குவழியைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் வரும் இன்னொரு கேள்வி, இத்தனை கெட்டர்கள் வைத்தால் ஓட்டம் மெதுவாகாதா என்பது. ஆகாது. ஒரு சாதாரணக் கெட்டர் கம்பைல் ஆன பின் 5 பைட் பைட்கோடுதான். ஜாவா நிரலை ஓட்டும் ஹாட்ஸ்பாட் இயல்பாக 35 பைட் வரையுள்ள சிறு மெத்தட்களை அழைக்கும் இடத்திலேயே விரித்துவிடும்.

இராயக்கோட்டை

நான் செட்டரே வைக்காமல் மாட்டிக்கொண்டவன். தக்காளி மண்டி ஒன்றுக்கு அன்றாட வரவுக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு வந்த தக்காளிப் பெட்டிகளின் பட்டியலுக்குக் கெட்டர் மட்டும் வைத்து, இனி யாரும் உள்ளே கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். கெட்டர் திருப்பிக் கொடுத்ததோ அசல் பட்டியலையே. விலை அறிக்கை எழுதிய தம்பி, அந்தப் பட்டியலை வாங்கி, விலை வாரியாக அடுக்கி அச்சிட்டார். அவருடைய அறிக்கை அழகாகத்தான் இருந்தது. ஆனால் மண்டியில் டோக்கன் வரிசைப்படிதான் விவசாயிகளுக்குப் பணம் கொடுப்பார்கள். அறிக்கை எடுத்த கையோடு அந்த வரிசை கலைந்துபோய், விடியற்காலை நான்கு மணிக்கே வந்து நின்றவர் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது பட்டியலைக் கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள ‘அன்மாடிஃபையபிள் லிஸ்ட்’ வழியாகச் சுற்றிக் கொடுக்கிறேன். யாராவது அடுக்க முயன்றால் அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷன் (பிழை) விழும். அடுக்கிப் பார்க்க வேண்டியவர் தனக்கென்று ஒரு நகலை எடுத்துக்கொள்ளட்டும்.

ஊத்தங்கரை

ஒரு சந்தேகம். செட்டரை எடுத்துவிட்டால், டேட்டாபேஸிலிருந்து தரவை எடுத்துக் கிளாஸில் வைக்கும் ஹைபர்நேட் நூலகம் எப்படி மதிப்புகளை நிரப்பும்? அதற்குப் பயந்துதான் எங்கள் குழுவில் எல்லோரும் கெட்டர், செட்டரைத் தானே எழுதித் தரும் லோம்போக்கின் ‘டேட்டா’ அனோட்டேஷனை (நிரலின் மேல் வைக்கும் குறிப்பு) கிளாஸின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கிருஷ்ணகிரி, தொடங்கியவர்

ஐடி அனோட்டேஷனை ஃபீல்டின் மேல் வைத்தால் ஹைபர்நேட் நேராக ஃபீல்டையே தொடும், செட்டரைத் தேடாது. பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று மட்டும் வேண்டும். அதை எல்லோருக்கும் திறந்துவிடாமல் ‘புரொடெக்டெட்’ ஆக வைத்தால் போதும். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

லோம்போக்கைப் பற்றி: ‘டேட்டா’ என்பது கெட்டரும் செட்டரும் மட்டும் அல்ல, ஒப்பிட உதவும் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு, எழுத்தாகக் காட்டும் டுஸ்ட்ரிங் ஆகிய மெத்தட்களையும் சேர்த்தே எழுதிவிடும். விவசாயி கிளாஸில் சீட்டுகளின் பட்டியலும் சீட்டு கிளாஸில் விவசாயியும் இருந்தால், ஒன்றின் டுஸ்ட்ரிங் மற்றொன்றை அழைத்து, அது மீண்டும் முதலாவதை அழைத்து, அழைப்புகளுக்கான நினைவிடமான ஸ்டாக் நிரம்பி வழியும் வரை சுற்றும். தேவையான ஃபீல்டுகளுக்கு மட்டும் ‘கெட்டர்’ அனோட்டேஷனைப் போடுங்கள். மதிப்பு மாறவே தேவையில்லாத சிறு கிளாஸ்களுக்கு 2021-இல் ஜாவா 16-உடன் முழுமையாக வந்த ரெக்கார்டு என்ற கிளாஸ் வகை போதும். அதில் செட்டர் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஹைபர்நேட் என்டிட்டியாக (டேட்டாபேஸில் சேமிக்கப்படும் கிளாஸாக) ரெக்கார்டை வைக்க முடியாது.

இராயக்கோட்டை நண்பரின் பதிவைப் படித்த பிறகு என் நிரலை மறுபடி திறந்து பார்த்தேன். எடைச்சீட்டில் கழிவுக் காய்களின் பட்டியலை அப்படியே தூக்கிக் கொடுக்கும் கெட்டர் ஒன்று இருக்கிறது. அதை மூன்று இடங்களில் அழைக்கிறேன். இரண்டை மாற்றிவிட்டேன். மூன்றாவது சீட்டு அச்சிடும் பகுதியில் இருப்பதால், வண்டி வரத்து நின்ற பிறகு இரவில்தான் தொட முடியும்.